பீரோ மேலிருந்து அந்தப் பெட்டியை இறக்குங்கள்!



நம் சுவர் இதழில் 'என் கருத்து' பகுதி என்றால் மரம் வளர்ப்போம், பிளாஸ்டிக்கை ஒழிப்போம், நேரத்தின் அருமை என்றுதான் எழுதுவோம். அதெல்லாம் தேவைதான். ஆனால் இந்தத் தடவை நான் கீபோர்டைப் பற்றி எழுதப் போகிறேன். கம்ப்யூட்டர் கீபோர்டு இல்லீங்க, பாட்டு வாசிக்கிற கீபோர்டு.

நம்ம பக்கத்தில் எத்தனையோ வீட்டில் அது இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கி வந்தது, துபாயிலிருந்து சித்தப்பா கொண்டு வந்தது, தீபாவளி போனஸில் அப்பா வாங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். சரி, அது இப்போது எங்கே இருக்கிறது? பீரோ மேலே. பழைய வேட்டி ஒன்றைப் போட்டு மூடி, அதற்கு மேல் ஒரு சூட்கேஸ். வருஷத்துக்கு இரண்டு தடவை விருந்தாளி வந்தால் கீழே இறங்கும். "டேய், அந்தப் பாட்டை மாமாவுக்கு வாசிச்சுக் காட்டுடா" என்பார்கள். பையன் திருதிருவென்று முழிப்பான். "ஆறாயிரம் ரூபாய் தண்டம்" என்று சொல்லி மறுபடியும் மேலே ஏற்றிவிடுவார்கள்.

பிள்ளைக்கு இசை வரவில்லை என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். என் கருத்து அது இல்லை. பிள்ளைகளுக்கு இசை பிடிக்காமல் போவதே கிடையாது. கைக்குழந்தைகூட பாட்டுக்குத் தலையை ஆட்டுது. வீட்டில் அதைப் பழக வைக்கிற முறைதான் பிடிக்காமல் போகிறது. முறையை மாற்றினால் அந்தப் பெட்டி தானாகக் கீழே வரும். இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

பியானோ எங்கே, கம்மாபுரம் எங்கே?

"பியானோ எல்லாம் வெள்ளைக்காரன் வாத்தியம், நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். பியானோவைச் செய்தவர் இத்தாலி நாட்டு பார்த்தலோமியோ கிறிஸ்டோபோரி. காலம் சுமார் 1700. அதற்கு முன்னால் இருந்த வாத்தியத்தில் கட்டையை எப்படி அழுத்தினாலும் சத்தம் ஒரே மாதிரிதான் வரும். இவர் சின்னச் சின்னச் சுத்தியல்கள் கம்பியைத் தட்டுகிற மாதிரி செய்தார். மெதுவாக அழுத்தினால் மெதுவாக, வேகமாக அழுத்தினால் பலமாகச் சத்தம் வரும். அதனால்தான் இத்தாலி மொழியில் 'மெதுவு, பலம்' என்ற பொருளில் அதற்குப் பியானோஃபோர்ட்டே என்று பெயர் வந்தது. இன்றைய பியானோவில் மொத்தம் 88 கட்டைகள். 52 வெள்ளை, 36 கறுப்பு. உள்ளே 200க்கும் மேலே கம்பிகள். அதைத் தூக்கிக்கொண்டு வர நம்மூர் பஸ்ஸில் இடம் கிடையாது.

ஆனால் அதன் தம்பி நம்மூருக்கு எப்போதோ வந்துவிட்டது. அதுதான் ஆர்மோனியம். பிரான்ஸ் நாட்டில் அலெக்சாண்டர் டெபைன் என்பவர் 1842இல் அதற்கு உரிமம் வாங்கினார். அது காலால் மிதித்துக் காற்றடிக்கிற பெட்டி. தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் காற்றடித்து மறு கையால் வாசிக்கிற மாதிரி 1875இல் கல்கத்தாவில் அதை மாற்றியவர் துவாரகாநாத் கோஷ். அப்புறம் நாடகம், கூத்து, பஜனை என்று எல்லா இடத்திலும் அது புகுந்துகொண்டது. மார்கழி மாசம் விடியற்காலையில் பஜனைக் கோஷ்டி போகும்போது கேட்கிற சத்தம் அதுதான். இன்னொரு செய்தி கேளுங்கள். நம் நாட்டு இசைக்கு அது ஒத்து வராது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்துக்குத் தடையே போட்டிருந்தது! வானொலி தடுத்தாலும் பஜனை மடத்தில் யாரும் விடவில்லை.

பியானோ, ஆர்மோனியம், கீபோர்டு மூன்றிலும் கட்டைகளின் வரிசை ஒன்றுதான். ஒன்றில் பழகிய கை இன்னொன்றிலும் வழி கண்டுபிடிக்கும். அதனால் பியானோ இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

கறுப்புக் கட்டையில் ஒளிந்திருக்கும் மோகனம்

பிள்ளைகளுக்கு முதல் நாளே ஆசை வர வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வீட்டில் கீபோர்டு இருந்தால் இன்றைக்கே செய்து பாருங்கள்.

கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக இருக்கும். மூன்று சேர்ந்த கூட்டத்தில் முதல் கறுப்பை 'ச' என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றும் ச, ரி, க. பக்கத்தில் வலது புறம் உள்ள இரண்டும் ப, த. அடுத்த கூட்டத்தின் முதல் கறுப்பு மேல் ச. இந்த ஐந்து சுரம்தான் மோகன ராகம். நம் முன்னோர் முல்லைத் தீம்பாணி என்று சொன்னது இதைத்தான் என்று தமிழிசை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். வெள்ளையைத் தொடாமல் கறுப்பை மட்டும் எப்படித் தட்டினாலும் காதுக்கு இனிமையாகவே இருக்கும். மூன்று வயதுக் குழந்தை தட்டினாலும் பாட்டு மாதிரிதான் கேட்கும்!

இப்போது வெள்ளைக்கு வாருங்கள். இரண்டு கறுப்பு சேர்ந்த கூட்டத்துக்கு இடது பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளையில் தொடங்கி, வரிசையாக வெள்ளையை மட்டும் வாசித்தால் அது சங்கராபரணம். 72 மேளகர்த்தா ராகங்களில் 29ஆவது. அந்த முதல் வெள்ளைக்குத்தான் 'ஒரு கட்டை' என்று பெயர். அடுத்த வெள்ளை இரண்டு கட்டை. நடுவில் இருக்கும் கறுப்பு ஒன்றரைக் கட்டை. "அவர் அஞ்சரைக் கட்டையில் பாடுவார்" என்று பெரியவர்கள் பேசுவது இந்தக் கணக்குதான்.

முதல் நாளே நோட்டைத் திறந்து வைத்து "இதைப் பத்து தடவை வாசி" என்று சொன்னால் பிள்ளை ஓடிப் போகும். முதல் வாரம் கறுப்புக் கட்டையில் விளையாட விடுங்கள். பாடம் அப்புறம் வரட்டும்.

பெரிய ஆட்கள் எல்லாம் வீட்டில்தான் தொடங்கினார்கள்

மேதைகள் பிறக்கும்போதே மேதைகள் என்று நினைக்கிறோம். அவர்கள் கதையைப் படித்துப் பார்த்தால் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் ஒரு வாத்தியமும் பக்கத்தில் ஒரு ஆளும் இருந்தது தெரியும்.

எம்.எஸ்.சுப்புலட்சுமியின் அம்மா சண்முகவடிவு வீணை வாசிப்பவர். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசிப்பவர். வீட்டிலேயே சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்தான் 1998இல் பாரத ரத்னா விருது பெற்றார். இசைக் கலைஞர்களில் அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். அவரும் ஒரு பெண்!

இளையராஜா பண்ணைப்புரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். 14 வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். அதாவது என் வயதில். பிறகு சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். அப்படிப்பட்டவர் 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து 'வேலியண்ட்' என்ற தன் சிம்பொனியை அரங்கேற்றினார். கிராமத்துப் பிள்ளைக்கு இது எதுக்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டுமா?

ஏ.ஆர்.ரகுமானுக்கு ஒன்பது வயது இருக்கும்போது அப்பா ஆர்.கே.சேகர் இறந்துவிட்டார். அப்பா விட்டுப் போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது. அவர் அம்மா அவற்றை விற்றுவிடவில்லை. மகன் அவற்றோடுதான் வளர்ந்தார். 2009இல் இரண்டு ஆஸ்கர்.

லிடியன் நாதஸ்வரம் என்ற சென்னைப் பையனை டி.வி.யிலும் போனிலும் பார்த்திருப்பீர்கள். 2019இல் அமெரிக்காவில் நடந்த 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியில் பியானோ வாசித்து 10 லட்சம் டாலர் பரிசு வாங்கினான். அப்போது அவனுக்கு வயது 13. அவன் அப்பாவும் இசைக்காரர், அக்காவும் இசைக்காரர்.

இதைப் படித்துவிட்டு "அவங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும், நம்ம வீட்ல யாருக்குத் தெரியும்?" என்று சொல்லக் கூடாது. சுரம் தெரிந்த ஆள் வீட்டில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கேட்பதற்கு ஒரு ஆள் எந்த வீட்டிலும் இருப்பார். அதுவே பாதி வேலை.

நமக்கும் இசை அந்நியம் இல்லை. நம்மூரிலிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி தாண்டிப் போனால் சிதம்பரம். ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929இல் இசைக் கல்லூரி தொடங்கிய இடம். தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடம் வேண்டும் என்று தமிழிசை இயக்கம் எழுந்ததும் அங்கிருந்துதான். எம்.எம்.தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் பாடம் நடத்திய ஊர். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாம் பெட்டியைப் பீரோ மேல் வைத்திருக்கலாமா?

எப்படிப் பழகலாம்?

என் தங்கச்சி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் வீட்டில் 61 கட்டை உள்ள ஒரு சின்ன கீபோர்டு இருக்கிறது. அவளைப் பக்கத்து ஊரில் ஒரு வகுப்பில் சேர்த்தோம். அங்கே விரல் தப்பினால் ஸ்கேலால் முட்டியில் ஒரு தட்டு. மூன்றே மாதத்தில் கீபோர்டைப் பார்த்தாலே வயிற்றுவலி என்று சொல்ல ஆரம்பித்தாள். வகுப்பை நிறுத்திவிட்டு வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தோம். ஒரு வருஷம் ஆகப் போகிறது. அந்த அனுபவத்திலும், தெரிந்த அண்ணன்களிடம் கேட்டும் நான் புரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன்.

1. பெட்டி கண்ணில் பட வேண்டும். உறையைக் கழற்றி, பிளக் சொருகி, பத்து நிமிஷம் கழித்து வாசிப்பது என்றால் யாருக்கும் ஆசை போய்விடும். ஒரு மூலையில் மணை மேலோ ஸ்டூல் மேலோ எப்போதும் தயாராக இருக்கட்டும். தூசிக்கு ஒரு துணி போதும். உட்கார்ந்தால் முழங்கை கட்டையின் உயரத்துக்கு வர வேண்டும். தோளைத் தூக்கிக்கொண்டு வாசித்தால் சீக்கிரம் வலிக்கும்.

2. தினமும் 15 நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாலும் 90 நிமிஷம்தான், ஆறு நாள் 15 நிமிஷம் உட்கார்ந்தாலும் 90 நிமிஷம்தான். கணக்கு ஒன்று, பலன் வேறு. தினம் தண்ணீர் ஊற்றினால்தான் நாற்று பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏரியையே திருப்பிவிட்டால் அழுகிப் போகும். எங்கள் வீட்டில் அம்மா ராத்திரிச் சோற்றுக்கு உலை வைக்கும்போது தங்கச்சி உட்காருவாள். சோறு வடிக்கும்போது எழுந்துவிடுவாள். கடிகாரமே வேண்டாம்.

3. முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் வேண்டாம். ஒரு வரி, இல்லை அரை வரி. முதலில் வலது கை தனியாக. அப்புறம் இடது கை தனியாக. இரண்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும் என்ற பிறகு சேர்த்து, ஆமை வேகத்தில். கர்நாடக சங்கீதத்தில் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடச் சொல்வார்கள். முதல் காலம் மெதுவாக, இரண்டாம் காலம் அதைப் போல் இரண்டு மடங்கு வேகம், மூன்றாம் காலம் நான்கு மடங்கு. முதல் காலம் சுத்தமாக வராமல் மூன்றாம் காலத்துக்குப் போகக் கூடாது. பியானோவுக்கும் அதே சட்டம்தான். தப்பாகப் பத்து தடவை வாசித்தால் கை அந்தத் தப்பைத்தான் கற்றுக்கொள்ளும்.

4. புளியங்கொட்டை விளையாட்டு. கீபோர்டின் இடது பக்கம் மூன்று புளியங்கொட்டை வையுங்கள். அந்த அரை வரியைச் சரியாக வாசித்தால் ஒரு கொட்டை வலது பக்கம் போகும். தப்பினால் போன கொட்டை எல்லாம் திரும்ப இடது பக்கம் வந்துவிடும். மூன்றும் வலது பக்கம் சேர்ந்தால் இன்றைய பாடம் முடிந்தது. தங்கச்சி இதில் பிடிவாதமாக உட்கார்ந்துவிடுவாள். "போதும், வந்து சாப்பிடு" என்று நாங்கள்தான் கூப்பிட வேண்டும்.

5. விரலுக்கு நம்பர். கட்டை விரல் 1, சுண்டு விரல் 5. இரண்டு கைக்கும் இப்படித்தான். உலகம் முழுக்க பியானோ நோட்டில் இந்த நம்பர்தான் போட்டிருக்கும். முதல் மாதம் நகத்தில் பேனாவால் எழுதி விடுங்கள். ஒரே விரலால் கோழி கொத்துகிற மாதிரி கொத்தப் பழகிவிட்டால் அப்புறம் மாற்றுவது கஷ்டம்.

6. பாடத்தில் பாதி, பிடித்ததில் பாதி. சரளி வரிசை மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தால் வாழ்நாள் முழுக்க 'அ ஆ இ ஈ' எழுதுவது போலத்தான். பிள்ளைக்குப் பிடித்த சினிமாப் பாட்டோ, பஜனைப் பாட்டோ, கிறிஸ்துமஸ் பாட்டோ ஒன்றைத் தேட விடுங்கள். வாயால் பாடிக்கொண்டே கட்டையில் தேடுவது பெரிய பயிற்சி. எங்கள் ஆயா ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து நடவுப் பாட்டைத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு இருந்தது. தங்கச்சி உள்ளே ஒவ்வொரு கட்டையாகத் தட்டித் தட்டி அந்த மெட்டைக் கண்டுபிடித்தாள். ஆயா பாட்டை நிறுத்திவிட்டு, "என் பாட்டு இந்தப் பெட்டிக்குள்ள எப்படி போச்சு?" என்று கேட்டது. அன்றிலிருந்து ஆயாதான் சாயங்காலம் "எங்க, இன்னிக்கு இன்னும் காணோம்?" என்று குரல் கொடுக்கும்.

7. ஆசை இருக்கும்போதே நிறுத்துங்கள். அழுது முடிந்த பிறகு நிறுத்தினால் நாளைக்கு வரவே பயமாக இருக்கும். இன்னும் ஒரு தடவை என்று அவளே கேட்கும்போது நிறுத்தினால் நாளைக்குத் தானாக வருவாள்.

பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள்

பெரியவங்க கோபிச்சுக்கக் கூடாது. சுரம் தெரியாவிட்டாலும் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

பிள்ளை வாசிக்கும்போது ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். போனை வைத்துவிட்டு உட்காருங்கள். "நல்லா இருக்கு" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதைவிட "நேத்து அந்த இடத்துல தடுக்கிச்சே, இன்னைக்குத் தடுக்கல" என்று சொன்னால் பிள்ளைக்கு இறக்கை முளைக்கும். "எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடு" என்று கேளுங்கள். அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்கே நன்றாகப் புரியும். மாதத்தில் ஒரு நாள் போனில் பதிவு செய்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் போட்டுக் காட்டினால், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பிள்ளைக்கே தெரியும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். விருந்தாளி முன்னால் திடீரென்று வாசிக்கச் சொல்லாதீர்கள். முக்கியமாக, மார்க் குறைந்ததற்குத் தண்டனையாகக் கீபோர்டைப் பிடுங்காதீர்கள், சேட்டை செய்ததற்குத் தண்டனையாக வாசிக்கவும் சொல்லாதீர்கள். இசை தண்டனையாகிவிட்டால் இனிமை போய்விடும்.

"படிப்பு கெட்டுப் போகுமே!"

இதுதான் எல்லாருடைய கேள்வியும். இசை கற்றுக்கொண்டால் கணக்கில் நூற்றுக்கு நூறு வரும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கணக்கில் மார்க் வேண்டும் என்றால் கணக்குதான் போட வேண்டும். இசையை இசைக்காகவே கற்றுக்கொள்ள வேண்டும். மனசு சந்தோஷமாக இருப்பதற்கு வேறு காரணம் எதற்கு?

ஆனால் படிப்பு கெடும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு நாளைக்கு 1440 நிமிஷம். அதில் 15 நிமிஷம் என்பது கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு. மீதி 99 பங்கு படிப்புக்கும் தூக்கத்துக்கும் வேலைக்கும் இருக்கிறதே! போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே போவதில் 15 நிமிஷம் எப்படிப் போகிறது என்று நமக்கே தெரியாது. அதற்கு யாரும் 'படிப்பு கெடும்' என்று பீரோ மேல் பூட்டி வைப்பதில்லை.

நான் இதை எழுதுவதற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. அடுத்த வருஷம் எனக்குப் பத்தாம் வகுப்பு. "பெரியவளுக்குப் பப்ளிக் எக்ஸாம் வருது, சத்தம் ஆகாது, ஒரு வருஷத்துக்கு அந்தப் பெட்டி மேல போகட்டும்" என்று இப்போதே வீட்டில் பேச்சு அடிபடுகிறது. என் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு வருஷம் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய காலம்! இப்போது வருகிற விரல் அப்போது மறந்து போகும். அதற்குள் அவளும் "எனக்கு வேணாம்" என்று சொல்லிவிடுவாள். நான்கு வருஷம் கழித்து "இவளுக்கு இசை வரவில்லை" என்று எல்லாரும் சொல்வார்கள். என் பரீட்சைக்காக அவள் பாட்டு நிற்கக் கூடாது. உலை கொதிக்கிற அந்த 15 நிமிஷம் நான் கிணற்றடியில் போய் உட்கார்ந்து படித்துக்கொள்கிறேன். இல்லையென்றால் அவள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளட்டும். கீபோர்டில் அந்த வசதி இருக்கிறது. அப்பா ராத்திரி ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கும்போதெல்லாம் அப்படித்தான் வாசிக்கிறாள். எத்தனை வீட்டில் அக்கா அண்ணன் பரீட்சையைச் சொல்லித் தம்பி தங்கச்சியின் பெட்டி மேலே போயிருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. சிலப்பதிகாரத்தில் மாதவி ஐந்து வயதில் ஆடலும் பாடலும் பயிலத் தொடங்கி, ஏழு ஆண்டு பயின்று, பன்னிரண்டு வயதில் அரங்கேறினாள் என்று வருகிறது. நம் தமிழ்ப் புத்தகத்தில் இசை பயின்ற பிள்ளை என்று நாம் படிப்பது ஒரு பெண்ணைத்தான்.

வாத்தியமே இல்லாத வீட்டில்?

கீபோர்டு வாங்க எல்லாராலும் முடியாது. அதற்காக விட்டுவிட வேண்டாம். சார்ட் பேப்பரில் இரண்டு ஸ்தாயிக்குக் கட்டைகளை அதே அளவில் வரைந்து கறுப்பு அடியுங்கள். சத்தம் வராதுதான். ஆனால் எந்தக் கட்டை எங்கே இருக்கிறது, எந்த விரல் எங்கே போக வேண்டும் என்று கை பழகும். வாயால் ச ரி க ம பாடிக்கொண்டே அழுத்தினால் காதும் பழகும். போனில் இலவசமாகவே பியானோ செயலிகள் இருக்கின்றன. கட்டை சின்னதாக இருக்கும், இரண்டு கை வைக்க முடியாது. இருந்தாலும் மெட்டுத் தேடுவதற்குப் போதும்.

இசையை முறையாகப் படிக்க ஆசைப்படுபவர்களுக்குக் கடலூரில் அரசின் மாவட்ட இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் எல்லாம் கற்றுத் தருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்காக ஜவகர் சிறுவர் மன்றங்களும் மாவட்டங்களில் இருக்கின்றன. 5 வயது முதல் 16 வயது வரை சேரலாம். இதெல்லாம் இருப்பதே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்

அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2022ஆம் ஆண்டு முதல் கலைத் திருவிழா நடக்கிறது. அதில் கருவி இசைக்கும் போட்டி உண்டு. போட்டி அறிவித்த பிறகு ஒரு வாரத்தில் யாரும் தயாராக முடியாது. அதனால் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில், வீட்டில் பழகுகிற பிள்ளைகள் ஒரே ஒரு பாட்டு வகுப்பில் வாசிக்க அனுமதி தாருங்கள். பரிசு வேண்டாம், மார்க் வேண்டாம். கை தட்டினால் போதும். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் வீட்டில் பயிற்சி தானாக நடக்கும். ஆர்மோனியம், கீபோர்டு மட்டும் இல்லை, பறை, உடுக்கை, புல்லாங்குழல், வாயால் விசில் எதுவாக இருந்தாலும் சரி.

என் சக மாணவ மாணவிகளே! யாராவது தடுக்கி வாசித்தால் சிரிக்காதீர்கள். நாம் சிரிக்கிற ஒரு சிரிப்பில் ஒரு பெட்டி பீரோ மேல் ஏறிவிடும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். பாடப் பாட ராகம் என்பார்கள். இரண்டு பழமொழியும் சொல்வது ஒன்றுதான். கொஞ்சம் கொஞ்சமாக, தினம் தினம், சந்தோஷமாக.

இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறுங்கள். சூட்கேஸை நகர்த்துங்கள். துணியை உதறுங்கள். பெட்டியை இறக்கித் தம்பி தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
கம்மாபுரம்.